கடைக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட்: வருகிற மெயிலுக்கு நூறு மார்க், போகிற மெயிலுக்கு ஐம்பது

விண்டோஸோடு சும்மா வந்துகொண்டிருந்த மெயில் புரோகிராம் 2024 டிசம்பர் 31-ஓடு நின்றுபோனது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்கும் முதல் கேள்வி, “வேற என்னத்தப் போட?” என்பதுதான். நான் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். வண்ணாரப்பேட்டை லாரி செட்டுகள், டவுன் ரத வீதிப் பாத்திரக் கடைகள், அந்தப் பக்கம் பத்தமடை, அம்பாசமுத்திரம் வரைக்கும் பைக்கில் போய்வருகிற தொழில். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் போட்டுக் கொடுப்பது மொசில்லாக்காரர்களின் தண்டர்பேர்ட். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த பழைய புரோகிராம். காசு கிடையாது. நன்கொடையில் ஓடுகிறது, அவ்வப்போது நன்கொடை கேட்டு ஒரு பக்கம் திறக்கும், மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

விண்டோஸ்காரர்கள் பதிலுக்குக் கொடுக்கும் புது அவுட்லுக்கும் இலவசம்தானே என்று கேட்பார்கள். இலவசம்தான். ஆனால் ஜிமெயில் போன்ற வெளி அக்கவுண்ட்டை அதில் சேர்த்தால், மெயில்களை மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கும் ஒரு பிரதி கொண்டுபோகும். அந்த நிறுவனமே இதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்குகிறது. ஜிஎஸ்டி பில்லும் பார்ட்டி கணக்கும் போய்வருகிற மெயிலை எதற்கு இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். தண்டர்பேர்ட் நம் கம்ப்யூட்டருக்கும் மெயில் சர்வருக்கும் நடுவில் மூன்றாவது ஆளை நிறுத்துவதில்லை.

இந்த மதிப்பீட்டில் அதன் நிறம், எழுத்து, காலண்டர் பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. மெயில் பெட்டியைத் திறக்க அது எப்படி அனுமதி வாங்குகிறது, அந்த அனுமதியை எங்கே வைத்துக்கொள்கிறது என்பது மட்டும்தான். கடைக்காரர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

முன்பெல்லாம் மெயில் ஐடி, பாஸ்வேர்ட் இரண்டையும் புரோகிராமில் தட்டிவிட்டால் போதும். புரோகிராம் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் நீட்டும். கூகுள் தனிநபர் ஜிமெயிலுக்கு இந்த வழியை 2022 மே 30-இல் அடைத்தது. கம்பெனி டொமைனில், அதாவது கம்பெனியின் சொந்தப் பெயரில் முடியும் முகவரியில், கூகுள் மெயில் வைத்திருப்பவர்களுக்கு 2025 மே மாதத்தில் அடைபட்டது. ஹாட்மெயில், அவுட்லுக் ஐடிக்காரர்களுக்கு 2024 செப்டம்பர் 16. அதற்கு மேல் எந்தப் புரோகிராமானாலும் ஓஆத்2 என்ற முறையில்தான் வர வேண்டும் (ஜிமெயிலில் ஆப் பாஸ்வேர்ட் என்று ஒரு விலக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்). குடோன் சாவியை வேலைக்காரன் கையில் கொடுக்காமல், “இவன் வந்தால் சரக்கு எடுக்க விடு” என்று முதலாளி கையெழுத்துப் போட்டு வாட்ச்மேனிடம் சீட்டு அனுப்புவது போன்றது அது. பாஸ்வேர்டைக் கூகுள் பக்கத்தில் நாம் தட்டுகிறோம். தண்டர்பேர்டின் கையில் சீட்டு மட்டும் வருகிறது. சீட்டைக் கிழித்தால் அந்த ஆள் மட்டும் உள்ளே போக முடியாது, பூட்டை மாற்ற வேண்டியதில்லை.

புது அக்கவுண்ட் சேர்ப்பதில் தண்டர்பேர்டை அடிக்க ஆளில்லை. பெயரும் மெயில் ஐடியும் கொடுத்தால் சர்வர் பெயர், போர்ட் நம்பர் எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. கடையின் சொந்த டொமைன் பெயரில் மெயில் இருந்தாலும், பின்னால் இருப்பது கூகுள்தான் என்று கண்டுபிடித்துவிடும். முறையும் ஓஆத்2 என்று தானாகவே விழும். பிறகு ஒரு சின்ன ஜன்னல் திறந்து கூகுள் பக்கம் வரும். மேலே முகவரி தெரியும், அது கூகுளின் முகவரிதானா என்று பார்த்துவிட்டு பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும்.

அதற்கு அடுத்த திரையில்தான் எல்லாரும் பதறுகிறார்கள். உங்கள் மெயில்களைப் படிக்கவும் எழுதவும் அனுப்பவும் நிரந்தரமாக அழிக்கவும் இந்தப் புரோகிராமுக்கு அனுமதி தருகிறீர்களா என்று கூகுள் கேட்கும். டவுனில் ஒரு பாத்திரக் கடை அண்ணாச்சி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“நிரந்தரமா அழிக்கும்னுல்லா போட்டிருக்கு! நீரு பாட்டுக்கு அமுக்கச் சொல்லுதீரு?”

“அண்ணாச்சி, ஒரு மெயில டெலீட் பண்ணணும்னா அதுக்கும் அனுமதி வேணும்லா? அதத்தான் கேக்கு.”

“அப்போ அதுவா அழிக்காதே?”

“நீங்க டெலீட் அமுக்கினாத்தான் அழிக்கும்.”

“அதச் சொல்லும்வே மொதல்ல.”

அண்ணாச்சி படித்தது சரியான காரியம். இதே திரை, பெயர் தெரியாத ஏதாவது புரோகிராமுக்காக வந்தால் யாரும் அமுக்கக் கூடாது. தண்டர்பேர்டுக்கு வருவதால் அமுக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். தொடர்புகளுக்கும் காலண்டருக்கும் சேர்த்தே அது அனுமதி கேட்கிறது. மெயில் மட்டும் போதும் என்கிற கடைக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான்.

இந்தத் திரைக்கு வருவதற்கு முன்னாலேயே நின்றுபோகிற கடைகளும் நிறைய. மெயில் ஐடியைப் பல வருஷத்துக்கு முன்னால் யாரோ பிரவுசிங் சென்டர்காரர் தொடங்கிக் கொடுத்திருப்பார், அல்லது வேலையை விட்டுப்போன கணக்கர். “போனில் வந்திருக்கும் செய்தியைப் பார்த்து ஆம் என்று சொல்லுங்கள்” என்று கூகுள் சொல்லும்போதுதான், அந்தப் போன் யாருடையது என்றே யாருக்கும் தெரியாது என்பது வெளிவரும். இதற்குத் தண்டர்பேர்டில் வைத்தியம் கிடையாது. பாஸ்வேர்ட் தெரிந்து, பிரவுசரில் லாகின் இன்னும் உயிரோடு இருக்கும்போதே உள்ளே போய் முதலாளியின் நம்பரைப் போட்டுவிட வேண்டும். லாக் அவுட் ஆகிவிட்டால் அப்புறம் அலைச்சல்தான்.

சரி, ஐம்பது மார்க் விஷயத்துக்கு வருகிறேன்.

ஏற்கெனவே பழைய முறையில் தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்கள் ஓஆத்2-க்கு மாற வேண்டுமானால், அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் என்ற பகுதிக்குப் போய், ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் ஓஆத்2 என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் லாகின் ஜன்னல் வரும், அனுமதி கொடுத்தால் மெயில் இறங்கத் தொடங்கிவிடும். பார்க்கிறவர் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார். முடியவில்லை. மெயில் அனுப்புகிற சர்வர் வேறு, அதன் செட்டிங் வேறு. அது அந்த அக்கவுண்டின் கீழே இருக்காது. இடது பக்கப் பட்டியலில் எல்லா அக்கவுண்டுகளுக்கும் அடியில், அவுட்கோயிங் சர்வர் என்று தனியாகக் கிடக்கும். அங்கே போய், உரிய சர்வரைத் தேர்ந்தெடுத்து, எடிட் அமுக்கி, அதிலும் ஓஆத்2 என்று மாற்றினால்தான் மெயில் வெளியே போகும். பல அக்கவுண்டுகள் ஒரே அனுப்பும் சர்வரைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதால் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் காரணத்தை யார் சொல்வது? “வரும் மெயிலை மாற்றிவிட்டீர்கள், போகும் மெயிலையும் மாற்றவா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் மார்க்கைக் குறைத்திருக்க மாட்டேன்.

கேட்காததால் என்ன நடக்கிறது என்றால், மெயில் அனுப்பும்போது லாகின் தோல்வி என்று ஒரு பெட்டி வரும். புது பாஸ்வேர்ட் தட்டு என்று அதில் ஒரு பட்டன். ஜிமெயில் பாஸ்வேர்டைத் தட்டுவார்கள். பழைய முறையில் நீட்டப்படும் அந்தப் பாஸ்வேர்டைக் கூகுள் ஏற்காது, 535 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பும். பாஸ்வேர்ட்தான் தப்போ என்று சந்தேகம் வந்து, போனை எடுத்து கூகுள் பாஸ்வேர்டையே மாற்றிவிடுவார்கள். கூகுள் அக்கவுண்டின் பாஸ்வேர்ட் மாறினால், மெயிலுக்காகக் கொடுத்த சீட்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த மெயிலும் நின்றுவிடும். எனக்குப் போன் வருவது இந்தக் கட்டத்தில்தான். “மெயில் போக மாட்டேங்கு” என்று தொடங்கியது “வரவும் மாட்டேங்கு” என்று ஆகியிருக்கும். ஜிஎஸ்டி 3பி என்ற மாதக் கணக்கைப் போட வேண்டிய 20-ஆம் தேதி மத்தியானம் இப்படி ஒரு போன் வந்தால், மறுமுனையில் இருப்பவரின் குரலை நீங்கள் கேட்க வேண்டும்.

ஆகவே மாற்றுகிற அன்றைக்கே இரண்டு பக்கமும் மாற்றிவிட்டு, தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். சேவ்டு பாஸ்வேர்ட்ஸ் பட்டியலில் பழைய பாஸ்வேர்ட் கிடந்தால் அதையும் அழித்துவிடுங்கள். லாகின் ஜன்னல் திறந்து வெள்ளையாக நின்றாலோ, திரும்பத் திரும்ப முதல் பக்கத்துக்கே வந்தாலோ, தண்டர்பேர்ட் செட்டிங்ஸின் பிரைவசி பகுதியில் குக்கீஸ் (லாகின் பக்கம் நம் கம்ப்யூட்டரில் வைக்கும் சின்னக் குறிப்புகள்) அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குக்கீஸ் இல்லாமல் ஓஆத்2 லாகின் நடக்காது. பாதுகாப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அணைத்து வைத்திருப்பார்கள். அவுட்லுக் ஐடிக்காரர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது: பிரவுசரில் அவுட்லுக் செட்டிங்ஸுக்குள் போய், வெளி புரோகிராம்கள் ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துக்கொண்டு பார்க்கும் முறை) மூலம் மெயில் எடுக்கலாம் என்ற அனுமதியை முதலில் போட வேண்டும். ஜிமெயிலில் 2025 ஜனவரியிலிருந்து அது எப்போதும் திறந்தே இருக்கிறது.

இப்போது சீட்டு எங்கே இருக்கிறது என்ற விஷயம். ஒரே கம்ப்யூட்டரில் நாலு பேர் உட்காருகிற கடைகளுக்கு இதுதான் முக்கியம். சேவ்டு பாஸ்வேர்ட்ஸைத் திறந்து ஷோ பாஸ்வேர்ட்ஸ் அமுக்கினால், பழைய முறையில் முதலாளியின் ஜிமெயில் பாஸ்வேர்ட் பச்சையாகத் தெரியும். பல முதலாளிகளுக்கு அதே பாஸ்வேர்ட்தான் மற்ற எல்லாவற்றுக்கும். ஓஆத்2-இல் அந்த இடத்தில் அர்த்தமில்லாத நீளமான எழுத்து வரிசை ஒன்று மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் பிரவுசரில் லாகின் பண்ணவோ பாஸ்வேர்டை மாற்றவோ முடியாது. தண்டர்பேர்டில் எனக்குப் பிடித்த முதல் காரியம் இது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் இதோடு விட்டுவிடக் கூடாது. தண்டர்பேர்ட் தன் செட்டிங்ஸையும் ரகசியங்களையும் வைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை யாராவது அப்படியே பென்டிரைவில் எடுத்துப்போனால், சீட்டும் அதோடு சேர்ந்து போய்விடும். அதற்காகத்தான் பிரைமரி பாஸ்வேர்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவைத்தால் சேமித்த ரகசியங்கள் எல்லாம் பூட்டப்படும், ஒவ்வொரு நாளும் திறக்கும்போது ஒரு தடவை கேட்கும். இது முதலிலேயே போடப்பட்டு வருவதில்லை, நாம்தான் தேடிப் போட வேண்டும். மறந்துவிட்டால் ரீசெட் பண்ணலாம். சேமித்த பாஸ்வேர்டுகளும் சீட்டுகளும் போகும், மெயில் போகாது. காலையில் ஊதுபத்தி கொளுத்திய கையோடு ஒரு பாஸ்வேர்ட் தட்டுவது பெரிய பாரமில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். வேலைக்காரர் யாராவது நின்றுவிட்டால், கூகுள் அக்கவுண்டின் செக்யூரிட்டி பகுதியில் வெளி புரோகிராம்களின் பட்டியலில் தண்டர்பேர்டின் பெயர் இருக்கும். அங்கே போய் அனுமதியை எடுத்துவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் மறுபடி லாகின் செய்துகொள்ளலாம்.

எல்லா மெயிலும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் இல்லையே. வெப்சைட் வாங்கும்போது கூடவே கொடுக்கும் டொமைன் மெயில் வைத்திருக்கும் கடைகள் நிறைய. அங்கே பெரும்பாலும் ஓஆத்2 கிடைக்காது. அப்போது ஆதென்டிகேஷன் மெத்தட்டில் நார்மல் பாஸ்வேர்ட், என்கிரிப்டட் பாஸ்வேர்ட் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டாவதுதான் பாதுகாப்பு என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது பழைய வேறொரு முறை, பல சர்வர்களில் இல்லவே இல்லை. கனெக்‌ஷன் செக்யூரிட்டியில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் இருந்து, போர்ட் நம்பர் வருவதற்கு 993, போவதற்கு 465 என்று போட்டுவிட்டால் பேச்சு முழுவதுமே பூட்டுக்குள்தான் நடக்கிறது. அதற்குள் நார்மல் பாஸ்வேர்ட் போவதில் தப்பில்லை. வருவதற்கு 143, போவதற்கு 25 என்று போட்டு, செக்யூரிட்டியில் ‘நன்’ (எதுவும் இல்லை) என்று விட்டிருந்தால்தான் ஆபத்து. பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் உட்கார்ந்து பார்த்தாலும் பாஸ்வேர்ட் திறந்த வெளியில் போகும்.

இந்த டொமைன் மெயிலில் இன்னொரு தொந்தரவு: சான்றிதழ் பொருந்தவில்லை, விதிவிலக்குச் சேர்க்கவா என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை. சர்வர் இன்னார்தான் என்று காட்டும் அடையாளச் சீட்டுதான் சான்றிதழ். ஹோஸ்டிங் நிறுவனம், அதாவது நம் வெப்சைட்டையும் மெயிலையும் தன் சர்வரில் வைத்துத் தருபவர்கள், அதைத் தன் சர்வர் பெயரில் வாங்கியிருக்கும், நாம் நம் கடைப் பெயரில் உள்ள சர்வர் முகவரியைப் போட்டிருப்போம். இங்கே தண்டர்பேர்ட் கறாராக நிற்பது எனக்குப் பிடிக்கும். ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி மையத்துக்குப் போன் போட்டபோது, “கன்ஃபர்ம் அமுக்கிட்டுப் போங்க சார்” என்றார்கள். அமுக்கக் கூடாது. சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே சர்வர் பெயராகப் போட்டால் எச்சரிக்கை தானாகப் போய்விடும்.

சான்றிதழ் எச்சரிக்கை ஜிமெயிலுக்கே வந்தால்? கம்ப்யூட்டரின் வலது ஓரத்தில் தேதியைப் பாருங்கள். பழைய மெஷின்களில் போர்டில் இருக்கும், 2032 என்ற நம்பர் போட்ட பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அந்தத் தேதிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, தண்டர்பேர்ட் எப்படி ஏற்கும்? பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இதை ரிப்பேர் என்று சொல்லிக் காசு வாங்க எனக்கே கூச்சம்தான்.

ஐமேப் முறையா, மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையா என்று கேட்டால், கடைகளுக்கு ஐமேப் என்றே சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் சிந்துபூந்துறைக்குள்ளும் வந்ததை நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரையில் வைத்த சிபியூக்கள் எத்தனையோ சேற்றோடு வந்தன. பாப் முறையில் மெயிலை இறக்கிவிட்டு சர்வரில் அழித்து வைத்தவர்களுக்கு ஹார்ட் டிஸ்கோடு எல்லாம் போனது. ஐமேப் வைத்தவர்கள் வேறு கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் போட்டு லாகின் செய்ததும், பழைய ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அந்த நாட்களில் செல்போன் டவரும் பல இடங்களில் இல்லை, லாகினுக்கு வர வேண்டிய எஸ்எம்எஸ் எங்கிருந்து வரும்? கூகுள் கொடுக்கும் பேக்கப் கோடுகள் பத்தையும் அச்செடுத்து பில் புக்கோடு மேல் தட்டில் வைக்கச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம்.

ஆப் பாஸ்வேர்ட் என்று கூகுள் தரும் பதினாறு எழுத்தைத் தண்டர்பேர்டில் போட்டு வேலையை முடித்துவிடும் சர்வீஸ்காரர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஓஆத்2 தெரியாத கருவிகளுக்கு, உதாரணமாக ஸ்கேன் செய்து நேராக மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் மிஷினுக்கு, அதுதான் வழி. தண்டர்பேர்டுக்கு ஓஆத்2 இருக்கும்போது அது எதற்கு? அந்தப் பதினாறு எழுத்தும் சேவ்டு பாஸ்வேர்ட்ஸில் பச்சையாகத் தெரியும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் மெயிலை எடுக்கலாம்.

இன்னும் விண்டோஸ் 7 ஓட்டுகிற கடைகளுக்கு 115 என்ற பதிப்போடு தண்டர்பேர்ட் நின்றுவிட்டது. அதில் ஓஆத்2 உண்டு, ஆனால் புதிதாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் டவுன்லோட் பக்கத்தில் மாதாமாதம் மாறும் பதிப்பை விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பெரிதாக மாறும் இஎஸ்ஆர் என்பதை எடுங்கள். மெனு இடம் மாறிவிட்டது என்று மாதாமாதம் போன் வராது. நாளைக்கு நாலைந்து மெயில்தான், அதையும் போனிலேயே பார்த்துவிடுகிறேன் என்கிறவர்களுக்கு இது எதுவுமே தேவையில்லை. பில், கொட்டேஷன், லாரி ரசீது என்று நாள் முழுக்க மெயில் ஓடுகிற இடமாக இருந்தால் போடுங்கள். அவுட்கோயிங் சர்வரை மட்டும் மறக்காமல் திறந்து பாருங்கள்.